பலெர்மோக்காரரின் டாலரும் ராஜா தலை ரூபாயும்

அமெரிக்காவின் பழைய வெள்ளி டாலர் சேர்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், எங்கே தொடங்கினாலும் 1972 முதல் 1980 வரை அந்நாட்டு அரசு நடத்திய விற்பனையில்தான் வந்து நிற்பார்கள். கஜானாவில் மூட்டை மூட்டையாகக் கிடந்த சுமார் 29 லட்சம் வெள்ளி டாலர்களைத் தபால் வழியாக விலை கேட்டவர்களுக்கு அரசே கறுப்புப் பெட்டியில் போட்டு அனுப்பிய விற்பனை அது. அவற்றில் பெரும்பகுதி நெவாடா மாநிலத்துக் கார்சன் சிட்டி நாணயச்சாலையில் அடித்தவை. என்னை உறுத்தியது, அந்த விற்பனையில் பேருக்குத் தலைகாட்டிய வேறொரு டாலரின் பூர்வீகம். 1921 டிசம்பரில் அடிக்கத் தொடங்கிய ‘அமைதி டாலர்’ அது. அதன் சிற்பி ஆந்தனி தெ ஃபிரான்சிஷி, சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்தில் 1887இல் பிறந்து இளவயதில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். இதெல்லாம் எந்த நாணயப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் வெள்ளி டாலரைக் கையில் வாங்கவே ஆள் இல்லாமல் கஜானா நிறையத் தேங்கிக் கிடந்த ஒரு நாடு, எதற்காகப் புதிதாகக் கோடிக்கணக்கில் அடித்தது? இந்தக் கேள்விக்கு வாஷிங்டனில் பாதி விடைதான் கிடைக்கும், மீதியைப் பம்பாயிலும் கல்கத்தாவிலும் தேட வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் அந்தத் தேக்கம். 1878இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. மாதந்தோறும் குறைந்தது 20 லட்சம், அதிகம் போனால் 40 லட்சம் டாலருக்கு அரசு வெள்ளி வாங்கி நாணயமாக அடித்தாக வேண்டும். சுரங்க முதலாளிகளின் நெருக்குதலும், பணப்புழக்கம் கூடினால் கடன் சுமை குறையும் என்ற விவசாயிகளின் கணக்கும் சேர்ந்து கொண்டுவந்த சட்டம் அது. ஜார்ஜ் மார்கன் என்ற செதுக்குநர் வடித்த டாலர்கள் குவியத் தொடங்கின. ஒன்று 26.73 கிராம், அதில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. நாலு டாலரைப் பையில் போட்டால் பை தொங்கும். ஜனங்கள் அந்த வெள்ளிக்கு ஈடாக வந்த காகிதச் சீட்டை வைத்துக்கொண்டு, நாணயத்தைக் கஜானாவிலேயே விட்டுவிட்டார்கள். ஆயிரம் டாலருக்கு ஒரு மூட்டை, மூட்டைக்கு ஏறக்குறைய 27 கிலோ என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். 1904இல் அடிப்பதையே நிறுத்தினார்கள். இன்னும் அடிக்கச் சொல்லிக் கேட்பதற்கு ஒருவருக்கும் முகாந்திரம் இருக்கவில்லை.

முதல் உலகப்போர் அந்த முகாந்திரத்தை உண்டாக்கிற்று, அதுவும் இந்தியாவில். பட்டாளச் செலவுக்கும், இங்கிருந்து வாங்கிய கோதுமைக்கும் சணலுக்கும் பிரிட்டன் ரூபாயாகப் பட்டுவாடா செய்ய வேண்டியிருந்தது. தானியம் விற்ற விவசாயி காகிதத்தை நம்பவில்லை, சுண்டிப் பார்த்து வாங்கும் ராஜா தலை ரூபாயைக் கேட்டான். அதுவோ 11.66 கிராம் எடையில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. 1917இல் வெள்ளி விலை ஏறிய ஏற்றத்தில், ரூபாயை ரூபாயாகச் செலவழிப்பதைவிட உருக்கி விற்பதே லாபம் என்ற நிலை வந்தது. நாணயம் புழக்கத்திலிருந்து மறைய, 1917 நவம்பர் 30 அன்று சர்க்கார் முதன்முதலாக ஒரு ரூபாய் நோட்டை வெளியிட்டது. அடுத்து இரண்டரை ரூபாய் நோட்டும் வந்தது. கேட்டவுடன் வெள்ளி தருகிறேன் என்ற உறுதிமொழியில்தான் அந்த நோட்டுகளுக்கு உயிர். 1918 தொடக்கத்தில் நோட்டை மாற்றக் கூட்டம் கூடியபோது சர்க்காரின் வெள்ளி இருப்பு வற்றிக்கொண்டிருந்தது. வெள்ளிக்காகப் பிரிட்டன் அமெரிக்கக் கஜானாவின் பக்கம் திரும்பியது. அப்போது வாஷிங்டனில் பிரிட்டிஷ் தூதராக இருந்தவர் ரெடிங் பிரபு. மூன்று வருஷம் கழித்து வைஸ்ராயாக இங்கே வந்திறங்கிய அதே ரெடிங்தான்.

1918 ஏப்ரல் 23 அன்று பிட்மன் சட்டம் நிறைவேறியது. கஜானாவில் தூங்கிய டாலர்களில் 35 கோடி வரை உருக்கலாம், வெள்ளியை அவுன்ஸ் ஒரு டாலருக்குக் குறையாமல் விற்கலாம் என்றது அது. கடைசியில் உருக்கியது 27,02,32,722 டாலர். அதில் 25,91,21,554 டாலரின் வெள்ளி இந்தியாவுக்காகப் பிரிட்டனுக்குப் போயிற்று. மிச்சம் ஒரு கோடியே பதினோரு லட்சத்துச் சொச்சம் அமெரிக்காவின் சில்லறைக் காசுக்கு. ஒரு டாலரில் 24 கிராம் சுத்த வெள்ளி, ஒரு ரூபாயில் 10.7 கிராம். ஆக ஒரு டாலரை உருக்கினால் இரண்டே கால் ரூபாய் தேறும். மொத்த வெள்ளியையும் ரூபாயாக அடித்தால் ஏறக்குறைய 58 கோடி ரூபாய் என்று என் கணக்கு சொல்கிறது. அந்த ரூபாயில் எத்தனை, ஆசாரி பட்டறைக்குப் போய்க் கொலுசாகவும் தண்டையாகவும் மாறியிருக்கும் என்பதற்குக் கணக்கு கிடையாது.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும், அதில் பலமும் உண்டு. சட்டத்துக்குப் பெயர் தந்த கீ பிட்மன் நெவாடாவின் செனட்டர், வெள்ளிச் சுரங்கங்களின் ஆள். உருக்கிய ஒவ்வொரு டாலருக்கும் ஈடாக அமெரிக்கச் சுரங்க வெள்ளியை அவுன்ஸ் ஒரு டாலருக்கு வாங்கி மறுபடி டாலர் அடிக்க வேண்டும் என்ற ஷரத்தை அந்தச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். போருக்குப் பின் சந்தை விலை அதற்கு வெகு கீழே போனபோதும் அரசு அந்த விலையையே கொடுத்தது. ஆகவே இந்தியா வெறும் சாக்கு, காரியம் சுரங்கக்காரர்களுடையது என்று வாதிடலாம். ஆதாயம் அவர்களுக்குப் போனது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அரசு வெள்ளி வாங்குவதை 1893இல் நிறுத்தியதிலிருந்து இருபத்தைந்து வருஷம் அவர்கள் இதே கோரிக்கையோடுதான் அலைந்தார்கள். அப்போதெல்லாம் நடக்காதது 1918இல் எப்படி நடந்தது? கஜானாவைக் காலி செய்ய அவசரமான காரணம் வந்தபோதுதான், அதைத் திரும்ப நிரப்பும் பேச்சுக்கு இடம் கிடைத்தது. உருக்கியதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் இந்தியக் கணக்கில் போயிருக்கும்போது, சாக்கு என்ற சொல் அந்தப் பாரத்தைத் தாங்காது. இந்தியாவுக்குப் போன வெள்ளியா அமைதி டாலரில் திரும்பி வந்தது என்றும் கேட்பார்கள். இல்லை, அது புதிய சுரங்க வெள்ளி. நான் சொல்லும் உறவு கடனுக்கும் அதை அடைப்பதற்கும் உள்ள உறவு.

இன்னொரு தரப்பு, டாலரின் பூர்வீகத்தை அதன் உருவத்தில் தேடச் சொல்லும். போர் முடிந்ததைக் கொண்டாட ஒரு நாணயம் வேண்டும் என்று ஃபாரன் ஸெர்பே என்ற நாணய ஆர்வலர் 1920இல் சிகாகோ மாநாட்டில் யோசனை சொன்னது உண்மை. ஆனால் ஈடுகட்டும் வேலை 1921இல் பழைய மார்கன் அச்சிலேயே தொடங்கி, அந்த ஒரே வருஷத்தில் எட்டரைக் கோடிக்கு மேல் அடித்துவிட்டார்கள். அமைதி என்ற எண்ணம் இல்லாவிட்டாலும் டாலர் வந்திருக்கும், மார்கனின் முகத்தோடு. அந்த எண்ணம் முகத்தை மட்டும் மாற்றியது. அதற்கு வைத்த போட்டியில் 34 வயது ஃபிரான்சிஷி தன்னைவிடப் பேர்பெற்ற சிற்பிகளைத் தாண்டி 1,500 டாலர் பரிசு வாங்கினார். கொடுத்த அவகாசம் சொற்பம் என்பதால் மனைவி தெரேசாவையே உட்கார வைத்துச் சுதந்திர தேவியின் தலையை வடித்தார். அந்தத் தலையில் பழைய சிசிலிக் கிரேக்கக் காசுகளின் சாயலைக் காண ஆசை வரலாம். பலெர்மோவில் பிறந்தவர் என்பது அதற்குச் சாட்சியாகாது. கிரேக்கக் காசுகளின் புடைப்புமேல் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு இருந்த மோகம் அதற்கு முன்பே அமெரிக்கச் சிற்பிகள் வட்டாரத்தில் பரவியிருந்தது, ஃபிரான்சிஷி பயின்றதும் அந்த வட்டாரத்தில்தான். பின்பக்கத்துக் கழுகின் அடியில் அவர் முறிந்த வாள் ஒன்றை வைத்திருந்தார். முறிந்த வாள் தோல்வியின் அடையாளம் என்று பத்திரிகை ஒன்று கண்டிக்க, கடைசி நேரத்தில் அதை அச்சிலிருந்து நுணுக்கமாகச் செதுக்கி எடுத்தார்கள். எடுத்தவர் அதே ஜார்ஜ் மார்கன். தன் டாலரின் இடத்தைப் பிடிக்க வந்த டாலரை அவரே திருத்திக் கொடுக்கும்படி ஆயிற்று.

சேர்ப்பவர்களுக்கு இதனால் ஆவதென்ன? உருக்கும்போது எந்த வருஷத்து டாலர், எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று பிரித்து எழுதிவைக்கவில்லை. அதனால் அடித்த எண்ணிக்கையைப் பார்த்து மிஞ்சியதை ஊகிக்க வழியில்லை. 1884இல் கார்சன் சிட்டியில் அடித்தவை 11,36,000. அவற்றில் 9,62,638, அதாவது ஏறக்குறைய நூற்றுக்கு எண்பத்தைந்து, தொண்ணூறு வருஷம் கழித்து அந்த அரசு விற்பனைக்கு வந்தன. 1889இல் அங்கே அடித்த மூன்றரை லட்சத்தில் விற்பனைக்கு வந்தது ஒன்றே ஒன்று. அந்தத் தொகுதி முழுக்க உலைக்குத்தான் போயிற்று என்று நான் சொல்ல மாட்டேன், புழக்கத்துக்குப் போனவையும் இருக்கும். ஆனால் அரிது, மலிவு என்று இன்று பேசும் விலையில் உலையின் பங்கைக் கழித்துவிட முடியாது. மறுகரையில் நம் சந்தைகளில், 1918, 1919 போட்ட ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. அதனாலேயே சேர்ப்பவர்கள் அவற்றை அலட்சியமாகத் தள்ளிவிடுகிறார்கள். அங்கே 1922ஆம் வருஷத்து அமைதி டாலருக்கும் அதே அலட்சியம்தான்.

என் கட்சிக்கு வலுவான சாட்சி 1928. 1921இன் மார்கன் டாலர்களோடு 1928 வரை அடித்த அமைதி டாலர்களைக் கூட்டினால், உருக்கிய அந்த 27 கோடியில் போய் முட்டுகிறது. அந்த எண்ணிக்கை நிறைந்த வருஷத்தில் பிலடெல்பியாவில் 3,60,649 டாலர் மட்டும் அடித்துவிட்டு நிறுத்தினார்கள். அமைதி டாலர் வரிசையிலேயே குறைந்த எண்ணிக்கை அது, சேர்ப்பவர்கள் அதிக விலை கொடுத்துத் தேடுபவற்றில் அதுவும் ஒன்று. 1934, 1935இல் அதே அச்சில் மறுபடி அடித்தார்கள். அதற்குக் காரணம் பொருளாதார மந்தக் காலத்தின் வேறொரு வெள்ளிச் சட்டம், அதற்கும் ரூபாய்க்கும் சம்பந்தமில்லை.