கையில் மூவாயிரம், மலைக்கு ஒரு ஷூ

"மலையேறப் போறேண்ணா, எந்தக் கம்பெனி ஷூ வாங்கலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் கம்பெனிப் பெயரைச் சொல்வதில்லை. எந்த மலை, எந்த மாதம், முதுகில் எவ்வளவு சுமை, கையில் எவ்வளவு காசு என்று விசாரிப்பேன். பிறகு செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலைப் பார்ப்பேன். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ தொழிற்சாலையில் செக்கிங் வேலை எனக்கு. பெட்டிக்குள் போகுமுன் ஒவ்வொரு ஜோடியையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். விடுமுறை கிடைத்தால் ஜவ்வாதுமலைக்கோ ஏலகிரிக்கோ நடக்கப் போய்விடுவேன். கையால் பார்ப்பது ஒன்று, காலால் பார்ப்பது ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு ஷூ என்னவென்று தெரியும்.

இத்தனை காலம் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: குறைந்த காசில் நல்ல தோலை வாங்க முடியாது, உயர்ந்த ரப்பரை வாங்குவதும் கடினம். ஆனால் பொருத்தத்தை வாங்கலாம். அதற்குக் கடையில் ஒரு மணி நேரம் போதும். பதினைந்தாயிரம் ரூபாய் ஷூவானாலும் பொருந்தாவிட்டால் கடிக்கும். இரண்டாயிரம் ரூபாய் ஷூ பொருந்திவிட்டால், அன்று முழுக்கக் காலில் இருப்பதே தெரியாது.

விலை எங்கே ஏறுகிறது என்று தெரிந்தால் எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதும் தெரியும். விலை உயர்ந்த ஷூக்களில் பெரிய தொகையை விழுங்குவது தண்ணீர் புகாத உள்சவ்வு. கோர்டெக்ஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பனியில் நடப்பவர்களுக்கு அது தேவை. நம் மலைகளில் நிலைமை வேறு. ஓடையில் இறங்கினால் தண்ணீர் ஷூவின் வாய்வழியாகவே உள்ளே போகும், போன தண்ணீரை அந்தச் சவ்வு வெளியே விடாது. வெயிலில் வேர்வையும் உள்ளேயே தங்கும். வலைத்துணி வைத்த சாதாரண ஷூவில் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும், நடக்க நடக்க காய்ந்தும் விடும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்கு மலைகளுக்கும் போகிறவர், கையில் காசு குறைவு என்றால், 'வாட்டர் ப்ரூஃப்' என்ற சொல்லுக்காக ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தேவையில்லை. இமயமலைப் பனிக்கு ஒரே ஒரு முறைதான் போகிறீர்கள் என்றால், சாங்க்ரி, மணாலி போன்ற ஊர்களில் ஷூ வாடகைக்குக் கிடைக்கிறது.

இனி பொருத்தம். இதில் அவசரமே கூடாது.

கடைக்கு மாலையில் போங்கள். பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையில் அதைவிட வீங்கும். போவதற்கு முன் வீட்டில் ஒரு செய்தித்தாளைத் தரையில் விரித்து, முழு எடையையும் போட்டு நின்று, வேறொருவரைப் பென்சிலை நேராகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரையச் சொல்லுங்கள். இரண்டு காலுக்கும் வரைய வேண்டும். பலருக்கு ஒரு கால் மற்றதைவிடப் பெரிது, பெரிய காலுக்குத்தான் ஷூ. குதிகாலிலிருந்து நீண்ட விரல்வரை ஓர் அளவு. விரல்கள் தொடங்கும் இடத்தில், பாதம் மிக அகலமாக இருக்கும் இடத்தில் இன்னோர் அளவு. நம் ஊரில் யாரும் எடுக்காதது இந்த இரண்டாவது அளவைத்தான்.

அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்து பார்த்தது. இந்தியப் பாதம் ஐரோப்பியப் பாதத்தைவிட அகலமானது என்பது அதில் தெரியவந்தது. இங்கே விற்கும் ஷூக்களில் பலவும் ஐரோப்பிய லாஸ்ட்டில் இழுத்தவை. லாஸ்ட் என்பது கால் வடிவ அச்சு, அதன்மேல்தான் ஷூவையே கட்டுகிறோம். அச்சு ஒடுக்கம், நம் கால் அகலம். அதனால் பக்கவாட்டில் இறுக்கும். உடனே கடைக்காரர் ஒரு சைஸ் பெரிதாகத் தருவார், அகலம் சரியாகிவிட்டதுபோலத் தோன்றும், நாமும் வாங்கிவிடுவோம்.

இங்கேதான் சிக்கல். இங்கிலாந்து அளவில் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் நீளத்தில் ஏறக்குறைய 8.5 மில்லிமீட்டர் வித்தியாசம், அகலத்தில் கூடுவதோ அதைவிட மிகக் குறைவு. அகலத்துக்காக நீளத்தைக் கூட்டினால் ஷூ மடங்கும் இடம் முன்னே நகர்ந்துவிடுகிறது. உங்கள் கால் ஓரிடத்தில் மடங்கும், ஷூ வேறோர் இடத்தில் மடங்கும். ஒவ்வொரு அடிக்கும் குதிகால் மேலே எழும்பி உரசும், மூன்றாவது மைலில் கொப்புளம் வந்துவிடும். அகலக் காலுக்குப் பெரிய சைஸைத் தேடாதீர்கள், வேறு மாடலைத் தேடுங்கள். முன்பகுதி வட்டமாக, விரல்கள் விரிய இடம் விட்டுச் செய்த மாடல் மலிவு விலையிலும் இருக்கிறது.

ஒரு சின்ன வழி சொல்கிறேன். ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு, அதன்மேல் ஏறி நில்லுங்கள். சுண்டுவிரல் பக்கம் சதை வெளியே பிதுங்கினால் அந்த ஷூ உங்களுக்கு ஆகாது. நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மிச்சமிருந்தால் நீளம் சரி. இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

அதற்குப் பிறகு, மலைக்குப் போடப்போகும் அதே சாக்ஸோடு, இரண்டு ஷூவையும் மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கிப் பாருங்கள். ஏறிப் பார்ப்பதால் பயனில்லை, இறங்க வேண்டும். வெள்ளியங்கிரியில் ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் விரல் நகம் கறுக்கும். படியிறங்கையில் விரல் நுனி முன்னால் இடித்தால், கயிற்றை மேல் துளையில் வளையம் போட்டு இறுக்கிக் கட்டி மறுபடி இறங்குங்கள். அப்போதும் இடித்தால் அதைக் கழற்றிக் கடையிலேயே விட்டுவிடுங்கள். "யூஸ் பண்ணப் பண்ண லூஸ் ஆயிடும் சார்" என்பார்கள். தோல் ஷூவுக்கு அது ஓரளவு உண்மை. செயற்கை இழை ஷூ இளகாது, நாள்பட நைந்துதான் போகும்.

செவிலியர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், முதன்முதலாக மலைக்குப் போக ஷூ வாங்க வேண்டும் என்று என்னைக் கூட்டிப்போனாள். கையில் இரண்டாயிரத்துச் சொச்சம். பெண்கள் பிரிவில் மலை நடைக்கு ஆனது இரண்டே மாடல், இரண்டும் அவள் வைத்திருந்த காசுக்கு மேல். "விடுங்கண்ணா, இருக்கற ஸ்போர்ட்ஸ் ஷூவிலேயே போய்க்கறேன்" என்றாள். அவள் கால் 4. இங்கிலாந்து அளவில் பெரியவர்களின் 3, 4, 5-ம் சிறுவர்களின் 3, 4, 5-ம் பெரும்பாலும் ஒன்றுதான். சிறுவர் பிரிவுக்குப் போனோம். அதே கம்பெனியின் மலை ஷூ, ஏறக்குறைய அதே அடிப்பகுதி, விலை வெகுவாகக் குறைவு. குதிகால் பிடிக்கிறதா என்று இரண்டு மூன்று மாடல்களைப் போட்டுப் பார்த்தாள், ஒன்று பிடித்தது. மிச்சக் காசில் சாக்ஸும் வாங்கினாள். சின்னக் கால் உள்ளவர்கள் சிறுவர் பிரிவை ஒருமுறை எட்டிப் பார்க்காமல் கடையை விட்டு வராதீர்கள்.

பொருந்திய ஷூவை இப்போது கையால் பார்க்க வேண்டும். நாங்கள் செக்கிங்கில் செய்வதை நீங்களும் செய்யலாம். இரண்டையும் சமமான மேசைமேல் ஜோடியாக வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பின்னாலிருந்து பாருங்கள். குதிகாலின் நடுத் தையல் இரண்டிலும் நேராக நிற்க வேண்டும். ஒன்று உள்பக்கம் சாய்ந்திருந்தால், அச்சில் இழுக்கும்போதே கோணலாகிவிட்டது என்று அர்த்தம், நடக்கையில் முட்டிவரை அந்தக் கோணல் போகும். பின்பகுதியின் உயரம் இரண்டிலும் ஒன்றா என்றும் பாருங்கள். குதிகால் பகுதியை இருபுறமும் விரலால் அழுத்துங்கள், உள்ளே கவுண்டர் என்ற கெட்டித் தகடு இருந்தால் எதிர்த்து நிற்கும், இல்லையென்றால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். முன்னும் பின்னும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்குங்கள். கொஞ்சம் முறுகலாம், முழுதாகத் திரும்பினால் கல்லில் கால் நிலைக்காது. மடக்கினால் விரல் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் வேண்டாம். கடைசியாகக் கையை உள்ளே விட்டு விரல் நுனியால் தடவுங்கள். தையல் முடிச்சு விரலில் தட்டினால் நாளைக்குக் காலிலும் தட்டும்.

நாக்கையும் கவனியுங்கள், கயிற்றுக்கு அடியில் இருக்கும் துண்டைச் சொல்கிறேன். அது இருபக்கமும் ஷூவோடு சேர்த்துத் தைத்ததாக இருந்தால் மண்ணும் முள்ளும் உள்ளே போகாது, வால்பாறைப் பக்க அட்டைகளுக்கும் நுழைவது கடினமாகும்.

அடிப்பகுதியில் ஆழமான பள்ளங்கள் இருந்தால் மட்டும் போதாது, அது ரப்பராகவும் இருக்க வேண்டும். இன்று நாம் போடும் பல் வைத்த ரப்பர் அடிப்பகுதியே ஒரு துயரத்தில் பிறந்தது. 1935-ல் இத்தாலிய ஆல்ப்ஸில் புயலில் சிக்கி ஆறு மலையேறிகள் இறந்தார்கள். உடன் சென்றிருந்த விடாலே பிரமானி, பனியிலும் பாறையிலும் பிடிக்கும்படி ஓர் அடிப்பகுதியை அதன் பிறகு உருவாக்கினார். அவர் பெயரிலிருந்தே விப்ரம் என்ற பெயர் வந்தது. அந்த முத்திரை நம் பட்ஜெட்டில் வராது, ஆனால் அதன் தத்துவம் வரும். அடிப்பகுதியில் நகத்தை அழுத்துங்கள். ரப்பர் கொஞ்சம் அமுங்கித் திரும்ப எழும். பளபளவென்று கெட்டியாக, நகம் வழுக்கினால் அது பிவிசி, ஈரப்பாறையில் உங்களை விழவைத்துவிடும். மற்ற எதில் வேண்டுமானாலும் சமரசம் செய்யுங்கள், இதில் வேண்டாம்.

எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், செகண்ட்ஸ் என்று எங்கள் பக்கத்தில் மலிவாகக் கிடைக்கும். வாங்கலாம், ஆனால் எதற்காக ஒதுக்கினார்கள் என்று பார்த்து வாங்குங்கள். நிறம் மாறியிருந்தால், தையல் நூல் பிசிறியிருந்தால் பரவாயில்லை, நடைக்கு ஒன்றும் ஆகாது. சோல் ஒட்டிய கோட்டில் நகம் நுழையுமளவு இடைவெளி இருந்தாலோ, இடமும் வலமும் அளவு மாறியிருந்தாலோ சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

பழைய ஸ்டாக் தள்ளுபடியில் இன்னோர் ஆபத்து உண்டு. அடி ரப்பருக்கு மேலே மெத்தையாக இருக்கும் பகுதியை மிட்சோல் என்போம். பியூ என்ற பாலியூரித்தேனில் செய்த மிட்சோல் காற்றின் ஈரத்தை வாங்கி, போடாமல் வைத்திருந்தாலும் உள்ளுக்குள்ளேயே சிதையும். பார்க்கப் புதிதாக இருக்கும், மலையில் பாதி வழியில் பொடிப்பொடியாக உதிரும். சென்னை போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பெட்டியில் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும், அதைப் படித்துவிட்டுக் காசைக் கொடுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் பழையது என்றால் தொடாதீர்கள். வாங்கியதையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பரண்மேல் போடாமல், அவ்வப்போது போட்டு நடங்கள்.

மலிவாக இருக்கிறதே என்று கட்டடத் தொழிலாளர் போடும் சேஃப்டி ஷூவை மலைக்குப் போட்டுவருகிறார்கள் சிலர். உள்ளே இரும்புத் தொப்பி. இறங்கும்போது விரல் மோதுவது அந்த இரும்பில். அதற்குப் பதில், காடுகளில் வேலை செய்பவர்கள் போடும் ஹண்டர் ஷூ எவ்வளவோ மேல், எடை குறைவு, சீக்கிரம் காயும். உள்ளே மெத்தென்று இருக்காது, நல்ல இன்சோல் ஒன்று தனியாக வாங்கிப் போட்டுக்கொண்டால் ஒரு நாள் நடைக்குத் தாராளம். கணுக்காலுக்கு மேலே வரும் உயர ஷூ வேண்டுமா என்று கேட்பார்கள். பத்துப் பன்னிரண்டு கிலோவுக்குள் சுமப்பவருக்குக் கட்டாயமில்லை என்பது என் கருத்து. காலில் கூடும் எடை முதுகில் கூடும் எடையைவிட அதிகம் களைப்பாக்கும். அந்தக் காசை நல்ல ரப்பருக்குக் கொடுங்கள்.

விலை குறைந்த ஷூவோடு குழுவில் நிற்கக் கூச்சப்படும் இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் எம்மா கேட்வுட் என்ற பாட்டியைப் பற்றிச் சொல்வேன். 1955-ல், தன் 67-வது வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை முழுவதையும், ஏறக்குறைய 3,300 கிலோமீட்டரை, தனியாக நடந்து முடித்தார். போட்டிருந்தது கேன்வாஸ் ஷூ, ஒன்று தேய்ந்ததும் அடுத்தது. நேபாளத்தில் மூட்டை சுமக்கும் தொழிலாளர்கள் பலர் உள்ளூர்த் தயாரிப்பான கோல்ட்ஸ்டார் ஷூவோடுதான் அந்த உயரங்களுக்கு ஏறுகிறார்கள். பொதிகை மலையில் வழிகாட்டும் காணி மக்களில் ரப்பர் செருப்போடு நடப்பவர்கள் உண்டு. அவர்களைப்போல நாமும் செருப்போடு ஏறலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர்கள் கால் பிறந்ததிலிருந்து அந்த மண்ணில் பழகியது. நம் கால் டைல்ஸ் தரையில் பழகியது. விலையைக் குறைத்துக்கொள்ளலாம், பழக்கத்தைக் குறைத்துக்கொள்ள முடியாது என்றுதான் சொல்ல வருகிறேன்.

கையில் மூவாயிரம் இருந்தால் எல்லாவற்றையும் ஷூவிலேயே போட்டுவிடாதீர்கள். ஐநூறு ரூபாயைச் சாக்ஸுக்கு ஒதுக்குங்கள். பருத்திச் சாக்ஸ் வேர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே கிடக்கும், ஈரத்தில்தான் தோல் உரியும். பாலியஸ்டர் கலந்த கால்பந்துச் சாக்ஸ் போதும், உள்ளே மெல்லியது ஒன்று, மேலே தடித்தது ஒன்று. புது ஷூவைத் தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துச் சுற்றிலும் தையல் போடுவது நம் ஊர் வழக்கம். அடிப்பகுதி கிண்ணம்போல மேலேறி ஷூவைப் பிடித்திருக்கும் மாடலுக்கு அது நல்ல காவல். பஞ்சுபோன்ற ஈவிஏ அடிப்பகுதிக்கு வேண்டாம், ஊசித் துளையிலேயே கிழியும். எது என்று அவரிடமே கேளுங்கள். ஒரு முறை தொட்டுப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடும், அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள்.

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வாங்கி, காய்கறி வாங்கவும் பேருந்து நிலையத்துக்கும் அதையே போட்டு நடங்கள். அவ்வளவு நாள் இல்லையென்றால் புது ஷூ வீட்டிலேயே இருக்கட்டும். பல் தேயாமல் இருந்தால் பழகிய பழைய ஷூவிலேயே மலைக்குப் போய் வாருங்கள்.