ஆறு சேரும் இடம்

பங்குத்தந்தையாகப் பணியாற்றும் ஒருவனுக்குப் பயணம் என்பது பெரும்பாலும் போய்ச் சேருவது மட்டுமே. கிளைப்பங்கில் ஏழு மணிக்குத் திருப்பலி என்றால் ஆறரைக்கு அங்கே நிற்க வேண்டும். அது முடிந்ததும் அடுத்த ஊருக்கு விரைய வேண்டும். இடையிலுள்ள சாலையும் வயலும் பாலமும் கண்ணில் படும்; ஆனால் மனத்தில் பதிவதில்லை. முப்பது ஆண்டுகளாக இப்படியே ஓடிப் பழகிய எனக்கு, வழியில் நிற்பதும் பயணத்தின் ஒரு பகுதியே என்பதை ஒரு முதியவர் கற்றுத்தந்தார். கற்றுக்கொள்ள நான் காலந்தாழ்த்திவிட்டேன் என்பதே இக்கட்டுரையின் செய்தி.

குருமடத்தில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் ஆஸ்திரேலியாவில் மறைப்பணி ஆற்றுகிறார். அவர் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் அந்நாட்டு முதியோரின் விந்தையான பழக்கம் ஒன்றைச் சொல்வார். பணி ஓய்வு பெற்ற கணவனும் மனைவியுமாகச் சக்கரம் பூட்டிய சிறு வீடொன்றைத் தங்கள் காருக்குப் பின்னால் இணைத்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்வார்களாம். கேரவன் என்றால் திரைப்பட நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நமக்கு நினைவுக்கு வரும். அங்கோ அது எளிய மனிதர்களின் நடமாடும் இல்லம். படுக்கை, அடுப்பு, நான்கு பாத்திரங்கள், அவ்வளவே. நரைத்த தலையோடு நாடோடிகளாய்த் திரியும் இவர்களைச் 'சாம்பல் நாடோடிகள்' என்று அந்நாட்டினரே அன்போடு அழைக்கிறார்கள். ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் உள்ள சிற்றூர்களில் இவர்களுக்கென்றே தங்குமிடங்கள் உண்டு. ஞாயிறு திருப்பலிக்கு வரும் இத்தகையோரிடம், "அடுத்து எந்த ஊர்?" என்று நண்பர் கேட்பாராம். "இன்னும் முடிவு செய்யவில்லை, ஃபாதர்" என்பதே பெரும்பாலும் விடையாக வருமாம்.

இதைக் கேட்டபோது நான் சிரித்தேன். ஆனால் சற்றே எண்ணிப் பார்த்தால், நம் மக்களிடமும் இத்தகைய பயணம் ஒன்று இருக்கிறது. ஆவணி மாதம் பிறந்துவிட்டால் போதும். வேளாங்கண்ணிக்கு வாடகை வேன் பேசுவார்கள். கூரையின்மேல் அண்டா, குண்டான், பாய்ச்சுருள், அரிசி மூட்டை. இருக்கையின் அடியில் கேஸ் அடுப்பு, தண்ணீர்க் கேன், புளிசாதத் தூக்கு. மர நிழலும் தண்ணீரும் உள்ள இடத்தில் வண்டி நிற்கும். பெண்கள் உலை வைப்பார்கள். ஆண்கள் துண்டை விரித்துப் படுப்பார்கள். பிள்ளைகள் ஆற்றில் இறங்குவார்கள். வீட்டையே பெயர்த்தெடுத்துக்கொண்டு போகும் இந்தப் பயணத்துக்கு நாம் தனிப்பெயர் எதுவும் சூட்டவில்லை, அவ்வளவுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு வேனில் எங்கள் பங்கு மக்களோடு நானும் சென்றேன். கல்வராயன் மலைமேலுள்ள கிளைப்பங்கிலிருந்து எழுவர் வந்திருந்தனர். அவர்களுள் ஒருவர், நெடுங்காலம் எங்களுக்கு உபதேசியாராக இருந்த முதியவர். மலையாளி பழங்குடியைச் சேர்ந்தவர். அவருடைய இளமைக்காலத்தில் அம்மலை அரசின் நேரடி ஆளுகையில் இருக்கவில்லை. ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. 1976இல்தான் அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. கடுக்காயும் புளியும் தலைச்சுமையாக எடுத்துக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்கி, உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு மீண்டும் ஏறியதே அவர் அறிந்திருந்த பயணம். கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே அவர் சென்றதேயில்லை.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. கோமுகி ஆறு அவருடைய மலையில் பிறப்பது. கச்சிராயபாளையத்தை அடுத்த அடிவாரத்தில் 1965இல் கட்டி முடிக்கப்பட்ட கோமுகி அணையில் தங்கி, கள்ளக்குறிச்சியைக் கடந்து கிழக்கே செல்கிறது. "அதுக்கப்புறம் எங்க போவுது சாமி?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். மணிமுத்தாற்றோடு கூடி, பின்பு வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது என்று விளக்கினேன். "அந்த எடத்தை ஒருக்கா பாக்கணும் சாமி" என்றார். வேளாங்கண்ணிக்குப் போகும் வழிதான், கூட்டிப்போகிறேன் என்று வாக்களித்தேன்.

விடியற்காலையில் புறப்பட்டோம். முதலில் விருத்தாசலம் வட்டத்திலுள்ள கோணான்குப்பத்தில் இறங்கினோம். வீரமாமுனிவர் எழுப்பிய பெரியநாயகி அன்னை ஆலயம் அங்கிருப்பதை வாசகர்கள் அறிவார்கள். இத்தாலியில் 1680இல் பிறந்த அவர், பல்லக்கேறி நம் சிற்றூர்களையெல்லாம் சுற்றியவர். போகும் வழியில் கேட்ட மொழியைத் தம் மொழியாக்கிக்கொண்டவர். ஆலய முற்றத்தில் இட்லியைப் பிரித்து உண்டோம். விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றுப் பாலத்தைக் கடந்தோம். மாசிமகத்தன்று மக்கள் நீராடக் கூடும் அந்த ஆற்றில் அன்று வெறும் மணலும் நாணலுமே இருந்தன. உபதேசியார் சன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். "தண்ணி எங்க சாமி?" என்றார். வழியிலுள்ள வயல்கள் குடித்துவிடுகின்றன என்றேன். சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றார்.

நண்பகலில் சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றங்கரையில் அடுப்பு மூட்டினோம். சோறும் சாம்பாரும் கருவாட்டுக் குழம்பும் முடிய வெகுநேரமாயிற்று. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேளாங்கண்ணியில் மாலை ஆறு மணித் திருப்பலியில் பங்குபெற வேண்டும் என்பது என் திட்டம்.

புவனகிரியை அடைந்தபோது மணி இரண்டரை. அங்கே வெள்ளாற்றுப் பாலத்தைக் கடந்தால் சிதம்பரம். கடக்காமல் கிழக்கே சென்றால் பரங்கிப்பேட்டை. "அரை மணி நேரந்தான் ஃபாதர், போயிட்டு வந்திடலாமா?" என்று ஓட்டுநர் கேட்டார். உபதேசியார் எதுவும் பேசவில்லை. கேட்டுப் பழகாதவர் அவர். பின்னிருக்கையிலிருந்து என் முகத்தை மட்டும் பார்த்தார். போக அரை மணி, நிற்க அரை மணி, திரும்ப அரை மணி என்று மனத்துக்குள் கணக்கிட்டேன். "வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். வண்டி பாலத்தில் ஏறியது.

கொள்ளிடத்தைக் கடந்தோம். சீகாழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம் என ஊர்கள் வந்து மறைந்தன. டேனியர் 1620இல் கோட்டை கட்டிய தரங்கம்பாடியிலும் நாங்கள் இறங்கவில்லை. இவ்வளவு விரைந்தும், திருவிழா நெரிசலில் சிக்கி, வேளாங்கண்ணியை அடைந்தபோது திருப்பலி தொடங்கிவிட்டது. கூட்டத்தின் ஓரத்தில் நின்று ஒலிபெருக்கி வழியாகத்தான் கேட்க முடிந்தது. மறுநாள் கடற்கரையில் உபதேசியார் என் அருகில் வந்தார். "நம்ம ஆறு சேர்ற எடம் இதுவா சாமி?" என்றார். இல்லை, அது வடக்கே இருக்கிறது என்றேன். "சரிங்க சாமி" என்று சொல்லிவிட்டு, அலையில் காலை நனைத்துக்கொண்டார். திரும்பும்போது இரவாகிவிட்டது. எல்லாரும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். பரங்கிப்பேட்டை எனக்கு நினைவில் இருந்தது. விடிந்தால் கிளைப்பங்குத் திருப்பலி என்பதும் நினைவில் இருந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.

அடுத்த தை மாதத்தில் உபதேசியார் இறைவனடி சேர்ந்தார். வெள்ளிமலைக்குச் செல்லும் பேருந்தில் கொண்டையூசி வளைவுகளில் ஏறிச் சென்று, நானே அடக்கத் திருப்பலி நிறைவேற்றினேன். மறையுரையில் அவருடைய விசுவாசத்தைப் பற்றியும் பணியைப் பற்றியும் பேசினேன். ஆற்றைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

அன்றிரவு எண்ணிக்கை நூலின் ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்தேன். குருமடத்தில் தேர்வுக்காகப் படித்த பகுதி. பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்கள் எப்போது நடந்தார்கள், எப்போது தங்கினார்கள் என்று அது சொல்கிறது. சந்திப்புக் கூடாரத்தின்மேல் மேகம் தங்கியிருக்கும்வரை அவர்களும் தங்கினார்கள். அது ஓர் இரவாக இருக்கலாம். இரண்டு நாளாகவோ, ஒரு மாதமாகவோ இருக்கலாம். மேகம் எழுந்தபின்னரே புறப்பட்டார்கள். தேர்வில் இதற்கு நான் நல்ல மதிப்பெண் வாங்கியிருப்பேன். ஆனால் புவனகிரிப் பாலத்தருகே மேகம் நின்றதை நான் காணவில்லை. அது ஒரு முதியவரின் பார்வையாக என் பின்னிருக்கையில் இருந்தது. நானோ கடிகாரத்தைப் பார்த்தேன். வாக்கு மனிதரானார், நம்மிடையே குடிகொண்டார் என்று நாம் வாசிக்கும் யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில், கிரேக்க மூலச்சொல்லின் நேர்ப்பொருள் 'கூடாரமடித்தார்' என்பதாகும். கூடாரத்தில் குடியிருக்கத் துணிந்த இறைவனைப் பறைசாற்றும் எனக்கு, அரை மணி நேரம் நிற்கத் தெரியவில்லை.

அவ்வாண்டு மார்கழியில், கிறிஸ்து பிறப்பு விழா முடிந்த வாரம், உபதேசியாரின் மனைவியையும் அவர் மகன் குடும்பத்தையும் ஒரு சிறு வேனில் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். வேளாங்கண்ணிக்கு அல்ல, பரங்கிப்பேட்டைக்கு மட்டும். பருவமழை நன்றாகப் பெய்திருந்தது. அணையிலிருந்து உபரிநீர் சென்றுகொண்டிருந்தது. விருத்தாசலத்தில் மணலுக்கு நடுவே செந்நீர் ஓடியது. சேத்தியாத்தோப்பில் அணைக்கட்டைத் தாண்டி நீர் வழிந்தது. யாராவது "நிறுத்துங்கள்" என்றால் நிறுத்தினோம். பேரப்பிள்ளைகள் ஏழெட்டு முறை அப்படிச் சொன்னார்கள்.

பரங்கிப்பேட்டை அமைதியான ஊர். போர்த்துக்கீசியர் 'புதிய துறைமுகம்' எனப் பொருள்படும் 'போர்ட்டோ நோவோ' என்று பெயரிட்ட ஊர். 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலம் பகுதியின் இரும்புத்தாதைக் கொண்டு இங்கே இரும்பாலை நடத்தினார். மலைநாட்டின் செல்வம் அப்போதே இந்த முகத்துவாரத்தைத் தேடி வந்திருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையமும் இந்தக் கழிமுகக் கரையில்தான் உள்ளது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையின் கொடுமையைக் கண்ட கரை இது. இன்று மீன்பிடிப் படகுகள் முகத்துவாரத்தின் வழியே கடலுக்குச் சென்று திரும்புகின்றன.

ஆறு கடலோடு கலக்குமிடத்தில் அந்த அம்மாவை நிறுத்தினோம். ஒருபுறம் செந்நிறம், மறுபுறம் நீலம். இடையில் கோடு போட்டதுபோல் நுரை. வெகுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து ஒரு கை நீரை அள்ளி வாயில் வைத்தார். உடனே துப்பினார். "நம்ம தண்ணியை இப்படி உப்பாக்கிடுச்சே சாமி!" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பின் கரையில் அமர்ந்து, "அவுரு பாத்திருந்தா ஆயிரம் கேள்வி கேட்டிருப்பாரு" என்றார். என்னைக் குறைகூறிச் சொன்ன சொல் அல்ல அது. ஆயினும், அவரை நான் அழைத்து வராததற்காக என்னை மன்னிக்க வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். "நீங்க என்ன செய்வீங்க, உங்களுக்கு வேலை சாமி" என்றார். அந்தப் பதில் எனக்கு ஆறுதலாக இல்லை.

அவர்கள் கொண்டு வந்திருந்த சாமையரிசியில் பொங்கல் வைத்து அங்கேயே உண்டோம். மாலைவரை இருந்தோம். அன்று எனக்கு வேறெங்கும் திருப்பலி இல்லை; அப்படி நானே ஏற்பாடு செய்திருந்தேன்.

இதை நண்பரிடம் சொன்னபோது, அவர் தம் நாட்டு மர்ரே ஆற்றைப் பற்றிச் சொன்னார். 2,508 கிலோமீட்டர் ஓடும் அந்த ஆறு, எச்சூக்கா போன்ற ஆற்றங்கரை ஊர்களையெல்லாம் தொட்டு, கூல்வா என்னும் சிற்றூருக்கு அருகே கடலைச் சேர்கிறது. வழியெங்கும் பாசனத்துக்கு நீரை எடுத்துக்கொண்டதால் வேகம் குன்றி, 1981இல் முகத்துவாரம் மணலால் அடைபட்டுப்போனதாம். 2002 முதல் பல ஆண்டுகள் இயந்திரங்கள் கொண்டு மணலை அள்ளி வழியைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. கேரவனில் வரும் முதியோர் அந்த முகத்துவாரத்தருகே நாற்காலி போட்டு அமர்ந்து, ஆறு வந்து சேர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்களாம்.

ஒருகாலத்தில் அவர்களைக் கேட்டுச் சிரித்தவன் நான். இப்போது, மலைக்குச் செல்லும் நாள்களில் கோமுகி அணைக் கரையில் சிறிது நேரம் நிற்கிறேன். அன்பு வாசகர்களே, உங்கள் வேனிலும் கேட்கத் தெரியாத ஒருவர் பின்னிருக்கையில் அமர்ந்திருக்கக்கூடும். அடுத்த பாலம் வருமுன் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.