பன்னிரண்டு பச்சைப் புள்ளிகள்

உங்க போன்ல இருக்கிற காலண்டரை ஒரு நிமிஷம் திறந்து பாருங்க. நான் காத்திருக்கேன்.

என்ன இருக்கு? முதல் இன்டர்னல், ரெண்டாவது இன்டர்னல், மாடல் எக்ஸாம், ரெக்கார்டு சப்மிஷன், ப்ராஜெக்ட் ரிவ்யூ, ஃபீஸ் கட்ட கடைசி நாள். மூணாவது வருஷம் பாதி வரைக்கும் என் காலண்டரும் இப்படித்தான் இருந்தது. எல்லாமே வயித்தைக் கலக்குற தேதிகள். ஆசையா எதிர்பார்க்கிற தேதின்னு பார்த்தா செமஸ்டர் லீவு மட்டும்தான். அதுவும் எப்ப விடுவாங்கன்னு கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாது.

சின்னச் சின்ன சந்தோஷங்களுக்கு முன்கூட்டியே தேதி குறிச்சு வைக்கிறதைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. நான் எல்.கே.ஜி.யில இருந்தே இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல இவ்வளவு நீளமா எழுதுறது இதுதான் முதல் தடவை. சந்திப்பிழை இருந்தா எடிட்டர் டீமைத் திட்டுங்க, என்னை விட்டுடுங்க.

எங்க வீடு மன்னார்குடியில. அப்பா மஸ்கட்ல ஏசி மெக்கானிக், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவுல வருவாங்க. நான் திருச்சியில ஹாஸ்டல். வீட்டுல அம்மா மட்டும்தான்.

2025 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். போகிக்கு முந்தின நாள் சமையலறை அலமாரியைச் சுத்தம் பண்ற வேலை என் தலையில விழுந்தது. எங்க அம்மா பழைய காலண்டரைத் தூக்கிப் போடமாட்டாங்க. மளிகைக் கடையில வருஷா வருஷம் தர்ற கட்டம் போட்ட மாதக் காலண்டர் அது. வருஷம் முடிஞ்சதும் அதோட தாளைக் கிழிச்சு அலமாரியில விரிச்சிடுவாங்க. அதனால டப்பாவுக்கு அடியில பழைய வருஷங்கள் அடுக்கடுக்கா கிடக்கும்.

புதுசா விரிக்க 2024-ம் வருஷத் தாள்களை எடுத்து வச்சிருந்தாங்க. கேஸ் புக் பண்ண நாள், பால் வராத நாள், கரண்ட் பில் எல்லாம் நீல மையில இருந்தது. நடுநடுவுல சில கட்டத்துல மட்டும் சிவப்புப் புள்ளி. எண்ணிப் பார்த்தேன். மொத்த வருஷத்துக்கும் ஒன்பது.

"இது என்னம்மா சிவப்புப் புள்ளி?"

"நீ வர்ற நாள் பாப்பா."

"அப்ப மத்த நாளெல்லாம்?"

"மத்த நாளுக்கு எதுக்குப் புள்ளி?"

சாதாரணமாத்தான் சொன்னாங்க, உளுந்தை டப்பாவுல கொட்டிக்கிட்டே. எனக்குத்தான் கை ஓடல. ஏன்னா அந்த ஒன்பதுல ஒண்ணு மேல குறுக்கா ஒரு கோடு இருந்தது. அக்டோபர்ல ஒரு சனிக்கிழமை. அந்த வாரம் ஹேக்கத்தான் இருக்கு, வர முடியாதுன்னு போன்ல சொல்லியிருந்தேன். உண்மையில நாங்க நாலு பேரு சினிமாவுக்குப் போனோம். எனக்கு அது ஒரு நிமிஷ போன் கால். அம்மாவுக்கு அது வருஷத்துல ஒன்பதுல ஒண்ணு.

அலமாரியோட அடித்தட்டுல 2020 கிடந்தது. மே மாசத்துல ஒரு தேதியைச் சுத்தி மூணு வட்டம், உள்ளே "அப்பா"ன்னு எழுதியிருந்தது. உங்கள்ல நிறைய பேருக்கு அந்த வருஷம் ஞாபகம் இருக்கும். நம்ம பேட்ச் அப்ப பத்தாவது. மார்ச்ல வெளிநாட்டு விமானங்களை நிறுத்தினாங்க. ஜூன்ல பத்தாவது பரீட்சையை ரத்து பண்ணி எல்லாரும் பாஸுன்னு அறிவிச்சாங்க. நான் மொட்டை மாடியில குதிச்சேன். அப்பாவோட லீவும் ரத்தாகியிருந்ததை நான் பெருசா எடுத்துக்கவே இல்ல. அப்பா வந்து சேர்ந்தது 2021 கடைசியில. நடுவுல இருந்த ஒன்றரை வருஷம் அம்மா எதை எதிர்பார்த்து காலையில எழுந்தாங்கன்னு அன்னைக்கு அலமாரி முன்னாடி உக்காந்துதான் முதல் தடவையா யோசிச்சேன்.

எங்க வீட்டுக் கணக்கே இப்படித்தான். ஒரே ஒரு பெரிய தேதியை வச்சுக்கிட்டு மத்த எல்லாத்தையும் தள்ளிப் போடுறது. "அப்பா வரட்டும்", "நீ படிச்சு முடி", "வீட்டுக் கடன் அடையட்டும்." பெரிய தேதி தப்பினா கையில எதுவுமே மிஞ்சாது. நீங்களும் இதைத்தானே பண்றீங்க? "ப்ளேஸ்மென்ட் ஆகட்டும், அப்புறம் லைஃப்"னு நம்ம ஹாஸ்டல்ல சொல்லாதவங்க யாரு?

அன்னைக்கு ராத்திரி 2025 காலண்டரைக் கீழே எடுத்து வச்சு, ஒரு பச்சை ஸ்கெட்ச்சை அம்மா கையில கொடுத்தேன். மாசத்துக்கு ஒரு பச்சைப் புள்ளி. உங்களுக்குப் பன்னிரண்டு, எனக்குப் பன்னிரண்டு. அம்மாவோட புள்ளி நான் வர்ற நாளா இருக்கக் கூடாது. அதுதான் ஒரே கண்டிஷன்.

"எனக்கென்ன ஆசை? நீங்க நல்லா இருந்தா போதும்."

இந்த வசனம் உங்க வீட்டுலயும் ஓடும்னு தெரியும். விடாம மூணு தடவை கேட்டேன். மூணாவது தடவை, ரொம்ப நேரம் கழிச்சு, சொன்னாங்க: "கடையில உக்காந்து மசால் தோசை சாப்பிடணும். பார்சல் இல்லாம."

எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வரல. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஹோட்டல். நான் வரும்போதெல்லாம் அங்க போவோம். நான் இல்லாதப்போ அம்மா அதைத் தாண்டித்தான் தினமும் காய்கறி வாங்கப் போறாங்க. "தனியா எப்படிப் போய் உக்கார்றது"ன்னு ஒரு தயக்கம், அவ்வளவுதான். பிப்ரவரி ரெண்டாவது செவ்வாய்க்கிழமைக்குப் புள்ளி வச்சோம். பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டு சேர்த்தோம்.

இனி என் பன்னிரண்டுக்கு வர்றேன். ஒரு வருஷம் பண்ணிப் பார்த்ததுல கத்துக்கிட்டதைச் சொல்றேன். உங்களுக்கு உதவும்.

முதல் விஷயம், தேதி வேணும். "ஒரு நாள் போலாம்டி"ங்கிறது தேதி கிடையாது. அந்த "ஒரு நாள்" எந்தக் காலண்டர்லயும் வராது. எழுதி வச்சாத்தான் மனசு அதை நோக்கி நடக்க ஆரம்பிக்கும். தீபாவளியை விட தீபாவளிக்கு முந்தின ராத்திரிதான் நல்லா இருக்கும்னு நமக்கெல்லாம் தெரியும். நெதர்லாந்துல 1,530 பேரை வச்சு நடந்த ஒரு ஆய்வு 2010-ல் வெளியானது. சுற்றுலா போனவங்களோட சந்தோஷம் மத்தவங்களை விட அதிகமா இருந்தது போறதுக்கு முன்னாடிதான். திரும்பி வந்த பிறகு பெரும்பாலானவங்களுக்கு எந்த வித்தியாசமும் இல்ல. அப்படின்னா காத்திருக்கிறதும் அந்தச் சந்தோஷத்துல ஒரு பங்கு. அது வேற இலவசம். அதை ஏன் விடணும்?

ரெண்டாவது, பருவத்தைக் கேளுங்க. என்ன பண்றதுன்னு தெரியலைன்னா ஊரும் வானமும் ஏற்கெனவே ஒரு டைம்டேபிள் போட்டு வச்சிருக்கு. ஜனவரின்னா பனங்கிழங்கு. மே மாசம்னா நுங்கு. ஆகஸ்ட்ல ஆடிப் பெருக்குக்கு அம்மா மண்டபம் படித்துறை. செலவு நூறு ரூபாயைத் தாண்டாது.

ஏப்ரல் மூணாவது வாரம் எனக்கு ரொம்பப் பிடிச்ச புள்ளி. நிழலில்லா நாள். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவுல இருக்கிற ஊர்கள்ல வருஷத்துக்கு ரெண்டு நாள் நண்பகல்ல சூரியன் நேரா தலைக்கு மேல வரும். திருச்சிக்கு ஏப்ரல்ல ஒண்ணு, ஆகஸ்ட் கடைசியில இன்னொண்ணு. 12 மணிக்கு இல்ல, 12:15 வாக்குல. நம்ம கடிகாரம் ஓடுறது 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு, திருச்சி அதுக்கு மேற்கால இருக்கிறதால அந்தக் கால் மணி நேரம். மெஸ்ஸுக்கு வெளியே தண்ணி பாட்டிலை நிக்க வச்சுட்டு ஆறு பேரு சுத்தி நின்னோம். நிழல் சுருங்கிச் சுருங்கி பாட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிச்சு. ரெண்டு நிமிஷம்தான். சாம்பார் சாதம் ஆறிப் போச்சு. ஆனா அதுக்கு முன்னாடி மூணு வாரம் "இன்னும் எத்தனை நாள்"னு ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருந்தோம். அந்த மூணு வாரத்துலதான் ரெண்டாவது இன்டர்னலும் வந்தது. பெருசா தெரியல.

மூணாவது, தப்பிப் போற புள்ளிக்கும் தயாரா இருங்க. மேட்டூர் அணையைக் குறுவைக்குத் திறக்கிற வழக்கமான நாள் ஜூன் 12. டெல்டாக்காரங்களுக்கு இதை விடப் பெரிய புள்ளி கிடையாது. 2024-ல் அணையில போதுமான தண்ணி இல்லாம அந்த நாள் சும்மா வந்துட்டுப் போனது. ஜூலை கடைசியிலதான் திறந்தாங்க. 2025-ல் சொன்ன தேதிக்குத் திறந்தாங்க. நான் இன்டர்ன்ஷிப்புக்காகத் திருச்சியிலயே இருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை முக்கொம்புக்குப் போய் மாங்காய் பத்தை தின்னுக்கிட்டே தண்ணியைப் பார்த்தோம். அது வராமப் போயிருந்தாலும் மாங்காய் இருந்திருக்கும். அதனால பாதிப் புள்ளியாவது யாரையும் எதையும் நம்பி இல்லாம உங்க கையிலயே இருக்கட்டும்.

டிசம்பர் 13, 14 ஜெமினிட் எரிகற்கள். ஃபேத்தான்ங்கிற சிறுகோள் விட்டுட்டுப் போன தூசுக்குள்ள பூமி நுழையுறதால வருஷா வருஷம் வர்றது. நம்ம ஹாஸ்டல்ல மாடிக்கு ராத்திரி போகணும்னா லெட்டர் எழுதணும். "எரிகல் பார்க்க அனுமதி வேண்டி"ன்னு எழுதிக் கொடுத்தப்போ வார்டன் மேம் என்னை மேலும் கீழும் பார்த்தாங்க. அப்புறம் அவங்களும் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வந்துட்டாங்க. பாதி வானம் மேகம். விடியற்காலை வரைக்கும் மொத்தம் ஏழு பார்த்தோம். ஏழாவதை முதல்ல பார்த்தது மேம்தான்.

எல்லாம் சரியா நடந்துச்சுன்னு நினைக்காதீங்க. என் பன்னிரண்டுல மூணு வீணாப் போச்சு. ஒண்ணு மழை, ஒண்ணு காய்ச்சல், ஒண்ணு நானே மறந்துட்டேன். இந்தப் புள்ளிகளால எனக்கு மார்க்கும் கூடல. செப்டம்பர்ல ஒரு ஆஃபர் கிடைச்சது. சேர வேண்டிய தேதி பின்னர் அறிவிக்கப்படும்னு போட்டிருக்கு. நம்ம சீனியர்கள் சிலர் இதே மாதிரி லெட்டரை வச்சுக்கிட்டு மாசக்கணக்கா காத்திருந்ததைப் பார்த்திருக்கேன். ஆக எனக்கும் இப்ப ஒரு பெரிய தேதி இருக்கு, அது என் கையில இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடின்னா தினமும் பத்து தடவை மெயிலைத் திறந்து பார்த்திருப்பேன். இப்ப மூணு தடவை. முன்னேற்றம்தானே?

அம்மாவோட பன்னிரண்டு என்னாச்சுன்னு சொல்லணும்ல? பிப்ரவரி தோசைக்கு அன்னைக்கே போன் வந்தது. "நெய் ஜாஸ்தி, சட்னியில உப்பு இல்ல. ஆனா சூடா இருந்துச்சு பாப்பா, அப்படியே கல்லுல இருந்து." மார்ச்ல தோழி வீட்டுக்குப் போனாங்க. ஜூலையில, நான் சொல்லாமலே, தானே ஒரு புள்ளி வச்சாங்க. என்னன்னு என்கிட்ட இன்னும் சொல்லல.

செப்டம்பர்ல ஆஃபர் வந்த சந்தோஷத்துல, "இந்தச் சனிக்கிழமை கிளம்பி வர்றேம்மா"ன்னு போன் பண்ணேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"சனிக்கிழமை வேணாம் பாப்பா. நானும் பக்கத்து வீட்டு அக்காவும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போறோம். போட்டுக்குச் சொல்லி வச்சாச்சு. இத்தனை வருஷம் பக்கத்துலயே இருந்தும் பார்க்கலையே. நீ ஞாயித்துக்கிழமை வா."

ஒரு நொடி முகம் சுருங்கத்தான் செஞ்சது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் ரூம்ல தனியா சிரிச்சேன். ஞாயிற்றுக்கிழமைதான் போனேன். காலண்டர்ல என் புள்ளி சிவப்புல இருந்தது, முந்தின நாள் கட்டத்துல பச்சை. ரெண்டும் ஒரே அளவு.

நமக்கு இன்னும் ஒரு செமஸ்டர்தான் இருக்கு. அப்புறம் ஆளுக்கொரு ஊர். நான் வேலைக்குப் போயிட்டா அம்மா காலண்டர்ல சிவப்பு இன்னும் குறையும், அது தெரிஞ்சதுதான். பச்சை குறையாதுன்னு ஒரு தைரியம் இருக்கு.

சரி, அந்த போன் காலண்டர் இன்னும் திறந்துதானே இருக்கு? இந்த மாசத்துக்குள்ள ஒரு தேதி பாருங்க. நூறு ரூபாய்க்குள்ள ஒரு விஷயம். எழுதி வச்சுட்டு அப்புறம் வீட்டுக்கு ஒரு போன் போடுங்க. "எனக்கென்ன ஆசை"ன்னு சொல்வாங்க. மூணு தடவை கேளுங்க.