வால்வுக்கு இட்ட மதிப்பெண்

முப்பது ஆண்டுகள் தாள் திருத்தி மதிப்பெண் இடுவதையே தொழிலாகக் கொண்டிருந்த நான், பிறர் இட்ட மதிப்பெண்ணை நம்பி ஏமாந்தேன்.

அப்பா விட்டுச் சென்றவற்றுள் நாற்பது இசைத்தட்டுகளும், ஒரே தடத்தில் ஒலிக்கும் பழைய வால்வு முன்பெருக்கி ஒன்றும் அடங்கும். அம்மாவுக்கு எண்பத்தாறு வயது; செவிப்புலன் மங்கி வருகிறது. “அப்பாவோட வீணைத் தட்டை ஒரு தடவை போடுய்யா, காது கேக்குறப்பவே கேட்டுடறேன்” என்றார். போட்டேன். வீணை எஸ். பாலச்சந்தரின் முதல் மீட்டலுக்கு முன்பே பெருத்த இரைச்சல் எழுந்தது. “வெளியே மழையா?” என்று கேட்டார் அம்மா.

உள்ளே இருந்த இரு வால்வுகளையும் இடம் மாற்றியபோது இரைச்சலின் தன்மையும் மாறியது. ஆகவே, குற்றம் வால்வுகளில்தான் என்று துணிந்தேன். அவை 12ஏஎக்ஸ்7 வகையின; ஐரோப்பியர் இதனையே ஈசிசி83 என்பர். இசைத்தட்டின் ஊசி தருவது ஏறத்தாழ 5 மில்லிவோல்ட் மின்னழுத்தமே. முதல் வால்வில் தோன்றும் சிறு சலசலப்பும் அந்த இசையோடு சேர்ந்தே பெருகிவிடும்.

வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரின் விலைப்பட்டியலைக் கண்டபோது மலைத்துப் போனேன். ‘புழங்காத பழைய இருப்பு’, ‘பொன்முலாம் பூசிய கால்கள்’, ‘இருபாதியும் பொருந்தியது’, ‘குறைந்த இரைச்சல்’, ‘வலிமை நூறு விழுக்காடு’ என ஒரே வால்வுக்கு எத்தனை தரங்கள்! விலை உயர்ந்ததே சிறந்தது என்றெண்ணி, நூறு விழுக்காடு பெற்ற பழைய ஆங்கிலேய வால்வை வரவழைத்தேன். இரைச்சல் சற்றே தணிந்தது. ஆனால், பலகைத் தரையில் நான் நடக்குந்தோறும் ஒலிபெருக்கி மணியடித்தது!

அதனை எடுத்துக்கொண்டு கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் பழுது பார்க்கும் முதிய சீனரிடம் சென்றேன். “சிகு, இந்த நூறு எந்தப் பாடத்தில் வாங்கியது?” என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். சோதனைக் கருவி காட்டுவது வால்வின் வலிமையை மட்டுமே. 250 வோல்ட் கொடுத்தால் 1.2 மில்லியாம்பியர் பாய்கிறதா, ஒரு வோல்ட் மாற்றத்துக்கு 1.6 மில்லியாம்பியர் மாறுகிறதா என்று அது பார்க்கும். இரைச்சலையும் அதிர்வையும் அந்த முள் அறியாது. முன்பெருக்கியில் பொருத்தி, ஒலியைக் கூட்டி, பென்சிலால் தட்டிக் கேட்டே அறிய வேண்டும். கட்டுரைத் தாளில் தொண்ணூறு வாங்கிய என் மாணவனொருவன் மேடையில் வாய் திறவாமல் நின்றது ஏனோ அப்போது நினைவுக்கு வந்தது.

ஏனைய தரங்களையும் அவர் விளக்கினார். பொன்முலாம் நம் ஈரக்காற்றில் கால்கள் கறுக்காமல் காக்கும், ஓசையை அடக்காது. பழைய இருப்பு என்பது வயதைக் கூறுமேயன்றிக் குணத்தைக் கூறாது. இருபாதியும் ஒத்திருத்தல், அவை எதிரெதிராக நின்று ஒரே வேலையைப் பகிர்ந்துகொள்ளும் சுற்றுகளுக்கே தேவை. எங்கள் பெட்டியிலோ ஒருபாதியின் பின் மறுபாதி நிற்கிறது. ஆகவே, அதற்குக் கொடுத்த பணமும் வீண். நான் விலை கொடுக்க வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல்லுக்குத்தான். பட்டியலிலேயே இருந்த ‘குறைந்த இரைச்சல்’ என்பதற்கு. அதுவும் விற்பவர் உண்மையிலேயே காதால் கேட்டுப் பிரித்திருந்தால்.

ஸ்லோவாக்கியாவில் செய்த புதிய வால்வுகள் எட்டினை அவர் ஒவ்வொன்றாகப் பொருத்தித் தட்டிப் பார்த்தார். பொறுமையிழந்து நான் இரண்டாவதே போதும் என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. ஆறாவது ஊமையாயிருந்தது. என் ஆங்கிலேய வால்வின் விலையில் மூன்றிலொரு பங்குகூட ஆகவில்லை. அந்த ஆங்கிலேயரையும் அவர் வீணாக்கவில்லை. இசை ஓரளவு பெருகிய பின்னர் வரும் இரண்டாம் இடத்தில் அமர்த்தினார். அங்கு அது முணுமுணுக்காமல் வேலை செய்கிறது.

அன்றிரவே தட்டைச் சுழலவிட்டேன். ஊசி இறங்கியது. அம்மா தலையைச் சாய்த்துச் சிறிது நேரம் காத்திருந்தார்.

“மழை விட்டுடுச்சா?” என்றார். அதற்குள் வீணை தொடங்கிவிட்டது.