முரட்டு வண்டியும் மூணாம் ஸ்டேஜ் கிளட்சும்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன் மக்களே.

என்கிட்ட ஒரு 1989 மஸ்டாங் இருக்கு. 5.0 லிட்டர் வி8, 225 குதிரை. சென்னையில நான் ஓட்டிப் பழகின மாருதி 800க்கு 37தான். ஆறு மாருதியைச் சேர்த்துக் கட்டின மாதிரி. ஞாயித்துக்கிழமைன்னா தங்கமணிதான் ஓட்டுவாங்க. எங்க வீட்டுல அதுக்குப் பேரே "நம்ம வண்டி".

ஒருநாள் கிளட்ச் ஸ்லிப் ஆக ஆரம்பிச்சது. நாலாவது கியர்ல மிதிச்சா ஆர்.பி.எம். ஏறுது, வேகம் ஏறல. புதுசு வாங்கப் போனா ஸ்டேஜ் 1, 2, 3ன்னு அடுக்கி வச்சிருக்காங்க. பெரிய நம்பர்தானே நல்ல சரக்கு? மூணை வாங்கிட்டேன். ஆறு செராமிக் வில்லை வச்ச பிளேட், முரட்டு ஸ்பிரிங். "ரேஸுக்கா, ரோட்டுக்கா?"ன்னு கடைக்காரர் கேட்டார். கெத்தா சிரிச்சு வச்சேன். அங்கதான் சனி பிடிச்சது.

டெட்ராய்ட் உட்வர்ட் அவென்யூவுல 1995ல ஆரம்பிச்ச ட்ரீம் குரூஸ், ஆகஸ்ட்ல நடக்கற பழைய கார்களோட தேர்த்திருவிழா. தேர் மாதிரியேதான் நகரும். இந்தக் கிளட்சுக்கோ ஹாஃப் கிளட்ச்னு ஒண்ணே கிடையாது. ஒண்ணு கவ்வும், இல்ல விட்டுடும். அரைமணி நேரத்துல இடது கால் தந்தியடிக்குது. திடீர்னு "டப்". பெடல் தரையோட போயிடுச்சு. இந்த வண்டியில கிளட்ச் கேபிளை இழுக்கறது ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரத் துண்டு. புது ஸ்பிரிங்கோட இழுப்பு அதுக்குத் தாங்கல. தங்கமணி இறங்கித் தள்ளினாங்க. வீட்டுக்கு வந்து சாவியை மேஜைல வச்சுட்டு ஒரே வார்த்தை: "இது உங்க வண்டி." சுருக்குன்னு இருந்தது.

அப்புறம்தான் ஒழுங்கா படிச்சேன். கிளட்சோட பிடிமானம் நாலு விஷயம்: ஸ்பிரிங் அழுத்தம், உராயற பொருள், பிளேட்டோட அகலம், உராயற முகங்களோட எண்ணிக்கை. ஸ்பிரிங்கை ஏத்தினா கால் அழும். செராமிக் சூடு தாங்கும், ஆனா வெடுக்குனு பிடிக்கும். ஆர்கானிக் பதமா பிடிக்கும், ரொம்பச் சூடானா பிடி தளரும். ரெண்டு பிளேட் போட்டா முகங்கள் ரெட்டிப்பு. பெடல் லேசா இருந்தும் பிடி கூடும், பர்ஸ்தான் காலி.

இன்னொண்ணு. கிளட்ச் கொஞ்சமும் வழுக்கலைன்னா அதிர்ச்சி முழுக்க கியர்பாக்ஸ் பல்லுல இறங்கும். ஃபியூஸ் போற இடத்துல தடிக் கம்பியைச் சுத்தி வச்சா வீட்டு வயரிங் என்ன ஆகும்? அதே கதை.

என் இன்ஜினோட டார்க் 300 பவுண்ட்-அடி. அதுக்கு மேல கொஞ்சம் தாங்கினா போதும். 10.5 அங்குல ஆர்கானிக் பிளேட், அதிர்ச்சி வாங்க நடுவுல ஸ்பிரிங், ஓரளவு அழுத்தம். பிளாஸ்டிக்குக்குப் பதிலா அலுமினியத் துண்டு. பிளைவீலையும் கடைசல் பிடிச்சாச்சு. முதல் 500 மைல் ஊருக்குள்ளயே பொறுமையா ஓட்டிப் பழக்கினேன். சீறிக் கிளம்பற வேலையே இல்ல.

போன ஞாயிறு மேஜைல சாவியைக் காணோம். வாசல்ல ஹாரன். போய்ப் பக்கத்து சீட்டுல உக்காந்தேன்.

டிஸ்கி: ஸ்டேஜ் நம்பருக்குப் பொது அளவுகோல் எதுவும் கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எவ்வளவு டார்க் தாங்கும்னு கேளுங்க. "ரேஸுக்கா, ரோட்டுக்கா?"ன்னா உண்மையைச் சொல்லிடுங்க.