பேத்திக்கு ஒரு விரிப்பு

கல்யாணப் பட்டு எடுக்கக் கடைக்குப் போனால்கூட ஒரு பகலில் காரியம் முடிந்துவிடுகிறது. கைக்குழந்தைக்கு ஒரு தையல் விரிப்பு. அதில் என்ன மாதிரி போட்டுத் தைப்பது என்று தீர்மானிக்க எங்கள் வீட்டில் முழுசாக 22 நாள் பிடித்தது!

தையல் விரிப்பு என்றால் பட்டணத்துச் சகோதரிகள் சிலருக்குச் சட்டென்று விளங்காது. பழைய நூல் புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்து மடிப்பு அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டு ஒரே துணியாக்கிவிடுவதுதான். பஞ்சு வேண்டாம், மெஷின் வேண்டாம். ஊசியும் நூலும், கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். பிறந்த குழந்தைக்குப் புதுத் துணி போடாமல், பெரியவர்கள் கட்டிப் பழகிய துணியில் சுற்றும் வழக்கம் நம் வீடுகளில் உண்டல்லவா? கஞ்சி போய், முரடு போய், நூறு தரம் துவைத்த துணிக்கு இருக்கும் மென்மை எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காது.

விழுப்புரத்துக்குப் பக்கத்தில் திருவாமாத்தூர் எங்கள் ஊர். தலைப் பிரசவத்துக்கு வந்த மகள், ஐந்தாம் மாதம் குழந்தையை எடுத்துக்கொண்டு திண்டிவனத்துக்குப் புகுந்த வீடு போகவேண்டும். அதற்குள் பேத்தி தரையில் கவிழவும் நீந்தவும் ஒரு விரிப்பு தைத்துக் கையோடு அனுப்ப வேண்டும் என்பது என் எண்ணம்.

தூங்கும்போது மேலே போர்த்துவதற்கு அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வயது வரையில் தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் போர்வை, தலையணை, மெத்தென்ற துணி எதுவும் வேண்டாம் என்று குழந்தை வைத்தியர்கள் சொல்கிறார்கள். முகத்தில் சுருண்டு மூச்சை அடைத்துவிடலாம். குழந்தைகளைக் குப்புறப் படுக்கவைத்துத் தூங்கவிடக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர்கள் சங்கம் 1992-லேயே சொல்லிவிட்டது. ஆகையால் நம் விரிப்பு விழித்திருக்கும் நேரத்துக்கு, பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு மட்டும்.

சரி, என்ன மாதிரி போடுவது? ஆளுக்கொரு யோசனை!

"நம் ஊர் பேரே பசுவால் வந்தது. கொம்பில்லாத பசுக்கள் ஈசனைப் பூஜித்துக் கொம்பு பெற்ற தலம். துணியில் ஒரு பசுவை வெட்டி மேலே வைத்துத் தைத்துவிடேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"தோகை விரித்த மயில் போடு அம்மா! கண் கண்ணாகக் கண்ணாடி வைத்தால் பளபளவென்றிருக்கும்" என்றாள் மகள்.

மகனோ கைப்பேசியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டான். வங்காளத்துக் காந்தா விரிப்பில் நடுவில் தாமரை. பீகாரில் சுஜனி என்று ஒரு தினுசு. வட கன்னடப் பகுதியில் சித்தி இனத்துப் பெண்கள் தைக்கும் விரிப்பில் நாலு மூலைக்கும் நாலு துணிப் பூ. அவர்கள் ஓரத்தில் தொடங்கி உள்நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்து நடுவில் முடிக்கிறார்களாம். அமெரிக்காவில் ஒன்பது சதுரத்தை இணைத்துத் தைக்கும் கட்டம். உலகத்துப் பாட்டிமார் எல்லாரும் இதே வேலையாகத்தான் இருந்திருக்கிறார்கள்! வங்காளத்தார் சொல்லும் 'காந்தா'வும் நாம் சொல்லும் 'கந்தை'யும் ஒரே வார்த்தைதான் என்று தெரிந்தபோது எனக்கு ஒரே சந்தோஷம்.

அழகு பார்த்தால் எல்லாம் அழகுதான். ஆனால் குழந்தையின் சாமான் எதுவானாலும் மூன்று பரீட்சையில் தேறவேண்டும்: விரல், வாய், துவைக்கிற கல்.

மயில் தோகைக்கு நீள நீளமாக நூலை இழுத்து நிரப்பவேண்டும். அந்த நூல் மேலே தொங்கலாக நிற்கும். குழந்தையின் சுண்டுவிரல் அதில் மாட்டிக்கொள்ளும். விரல் பரீட்சையில் மயில் தோற்றது. கண்ணாடியும் மணியும் பொத்தானும் பிய்ந்தால் நேரே போகிற இடம் வாய். ஆகவே அவற்றுக்கும் விடை கொடுத்தாயிற்று. பசுவை ஒரு மாதிரித் துணியில் தைத்து மூன்று தரம் கல்லில் துவைத்துப் பார்த்தேன். கூர்மையாக வெட்டிய இடம்தான் முதலில் பிரியும். பசுக்களுக்குக் கொம்பு கிடைத்த ஊரிலே என் பசு மட்டும் கொம்பை இழந்து நின்றது!

ஒன்பது கட்டம் மூன்றிலும் தேறியது. ஆனால் இற்ற பழந்துணியைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டினால் ஓரமெல்லாம் நூல் பிரியும். புதுத் துணிக்கு அது சரி, புடவைக்குச் சரிவராது. புடவையை முழுசாக வைத்துக்கொண்டு, அழகைத் தையலிலேயே காட்டவேண்டும். அந்த மட்டில் தெளிவு பிறந்தது.

அடி மடிப்புகளுக்கு என்னுடைய செட்டிநாட்டுக் கண்டாங்கி ஒன்று இருந்தது. ஆறு கஜம் என்றால் 216 அங்குலம். இற்றுப்போன பகுதியைக் கழித்தால் 42 அங்குல நீளத்தில் நாலு துண்டு தேறியது. "மேல் மடிப்பு அத்தையுடைய புடவையாக இருக்கட்டும் அம்மா" என்றாள் மகள். நியாயந்தானே? குழந்தை இரண்டு வீட்டுக்கும் சொந்தம்.

அடுத்த வாரம் சம்பந்தியம்மாள் பேத்தியைப் பார்க்க வந்தார். பெயர் வைத்த அன்றைக்கே கவனித்திருந்தேன். கூடம் நிறைய ஜனம் இருந்தபோது அவர் மட்டும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் கணவர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. கோயிலுக்குப் போய்விட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தோம். மெள்ளப் புடவைப் பேச்சை எடுத்தேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "வேண்டாம் சம்பந்தி. எல்லாம் அவர் போனபிறகு கட்டின புடவை. குழந்தைக்கு எதற்கு? நாளைக்கு ஒரு ஜுரம் கிரம் என்றால், இந்தப் புடவையால்தான் என்று யாராவது ஒருத்தி சொல்லமாட்டாளா?"

"அப்படியானால் வாருங்கள், வட்டப்பாறைக்கே போகலாம். உங்கள் புடவையால் என் பேத்திக்கு நல்லதுதான் வரும் என்று சத்தியம் பண்ணித் தருகிறேன்" என்றேன். எங்கள் கோயில் வட்டப்பாறையில் பொய்ச் சத்தியம் செய்தவர் தப்பியதில்லை என்பது இந்தச் சுற்றுவட்டாரமெல்லாம் அறிந்த சேதி. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

பேத்தி அப்போது அவர் மடியில்தான் தூங்கிக்கொண்டிருந்தாள். முகம் புடவை மடிப்பில் புதைந்திருந்தது. "இப்போது எந்தப் புடவைமேல் படுத்திருக்கிறாள், பாருங்கள். மடியில் இருக்கும்போது இல்லாத தோஷம், தரையில் விரித்ததும் வந்துவிடுமா?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. குழந்தையின் முகத்திலிருந்து புடவையை மெதுவாக விலக்கி, நெற்றியைத் துடைத்துவிட்டார். நாலாம் நாள் மாப்பிள்ளை கையில் ஒரு பொட்டலம் வந்தது. பிரித்துப் பார்த்தால், துவைத்து மடித்த மதுரைச் சுங்குடிப் புடவை!

அதை விரித்ததும் 22 நாள் விவாதம் ஒரு நிமிஷத்தில் தீர்ந்தது. சுங்குடி என்பது துணியைச் சின்னச் சின்னதாகப் பிடித்து, நூலால் முடிச்சிட்டுச் சாயம் தோய்ப்பது. முடிச்சை அவிழ்த்தால் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. வாசலில் விடியற்காலையில் நாம் வைக்கிற புள்ளியேதான்! மாதிரியை வெளியே தேடுவானேன்? புள்ளி புடவையிலேயே இருக்கிறது. அதைச் சுற்றிச் சிக்குக் கோலம் இழுத்தால் ஆயிற்று.

தைக்க நினைக்கும் சகோதரிகளுக்கு நாலு வார்த்தை: பழைய புடவையானாலும் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மடிப்புகளைத் தரையில் சுருக்கமில்லாமல் பரப்பி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி முதலில் நூலோட்டம் போடுங்கள். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நாலு விரற்கடைக்குமேல் இடைவெளி விட்டால், துவைக்கும்போது உள் மடிப்பு நகர்ந்து திரண்டுவிடும். தையல் ஓர் அரிசி நீளத்தைத் தாண்ட வேண்டாம். சிக்குக் கோலத்தில் கோடு புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதால் நூல் முனைகள் குறைவு. நூல் தீர்கிற இடத்தில் மட்டும் முடிச்சை மடிப்புக்குள் இழுத்து மறைத்துவிடுங்கள்.

அடிப்பக்கத்துக் கண்டாங்கியிலும் அதே கோலம் விழுந்தது. கட்டங்களின் நடுவே வளைந்து வளைந்து ஓடுகிறது. ஒரு பக்கம் அவர் வீட்டுப் புள்ளி, மறு பக்கம் எங்கள் வீட்டுக் கட்டம், இரண்டையும் பிடித்திருப்பது ஒரே நூல்.

மகள் திண்டிவனம் போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் போனில் பேசினாள். அக்கம்பக்கத்தார் எல்லாரும் குழந்தையைப் பார்க்க வந்திருந்தார்களாம். கூடத்தின் நடுவில் விரிப்பைப் போட்டுக் குழந்தையை விட்டதும், ஓரத்தில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் சம்பந்தியம்மாள்தானாம். "இது என் புடவை" என்று வந்தவர்களுக்கெல்லாம் அவரே காட்டினாராம்.