முதலில் விரல், பிறகு எழுத்து

முன்பள்ளி வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் வேலை, பெஸ்டல் உடைப்பது. புதுப் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் சுண்டுவிரல் நுனியளவுக்குத் துண்டாக்கச் சொல்வேன். முழுப் பெஸ்டலை மூன்று வயதுப் பிள்ளை கைக்குள் பொத்திக்கொண்டு தோளிலிருந்து கிறுக்கும். துண்டில் பொத்திப் பிடிக்க இடமில்லை; பெருவிரலோடு மற்ற இரண்டு விரலும் தாமாக வந்து சேரும். பிறகு பென்சிலுக்கும் அதே பிடிதான்.

இதைக் காட்டித் தந்தவர், நான் உதவியாளராகச் சேர்ந்த இடத்து மூத்த டீச்சர். அவர் கையைப் பார்த்தே தொழில் பழகினேன். காலையில் உம்மாவின் அபாயாவை விடாமல் அழும் பிள்ளையை அவர் இழுத்தெடுக்க மாட்டார். சுளகில் புளியங்கொட்டையும் சிப்பியும் கலந்து போட்டு, பிள்ளைக்குப் பக்கத்தில் பாயில் இருந்து, பேசாமல் வேறு வேறாகப் பொறுக்குவார். கொஞ்ச நேரத்தில் அழுகையோடு ஒரு சின்னக் கை சுளகுக்குள் வரும். "அது சிப்பியா மகன்?" என்று அப்போதுதான் கேட்பார். உம்மாவை ஒளிந்து போகவும் விடமாட்டார். சொல்லிவிட்டுப் போனால்தான் மறுநாள் பிள்ளை நம்பி வரும்.

புளியங்கொட்டையை எண்ணிக் கொடுங்கள், எண்ணி எடுங்கள். மூக்கில் போட்டுப் பார்க்கும் வயது அது. ஒன்று குறைந்தாலும் அது கிடைக்கும்வரை யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

மருதமுனைத் தறிக்காரரிடம் கேட்டால் நூல் தீர்ந்த கட்டைகளைத் தருவார்கள், அடுக்கலாம், கோக்கலாம். கடல் மணலைக் கழுவிக் காயவைத்துத் தட்டில் பரப்பினால் விரலால் எழுதலாம். நம் தொழிலில் காசைவிட நேரம்தான் அதிகம் செலவாகும்.

"இன்னும் 'அ' எழுதல்லியே டீச்சர்?" என்று கேட்கும் உம்மாவிடம் கோபப்படாதீர்கள். ஒரு நாள் வகுப்பில் இருக்கச் சொல்லுங்கள். மகள் தன் பொத்தானைத் தானே பூட்டுவதைப் பார்த்தால் அவருக்கே விளங்கும். பொத்தான் பூட்டும் விரலுக்கு எழுத்து தானாக வரும்.

இந்தப் பழக்கம் எல்லாப் பிள்ளைக்கும் கிடைப்பதில்லை. இலங்கையில் இலவசக் கல்வி 1945 முதல் இருக்கிறது. ஆனால் அது தரம் 1இல்தான் தொடங்குகிறது. 1987இன் 13ஆவது திருத்தத்தோடு முன்பள்ளிகள் மாகாண சபைகளின் பொறுப்புக்கு வந்தன. என்றாலும் பெரும்பாலானவற்றை நடத்துவது பள்ளிவாசல்களும் சங்கங்களும் தனியாரும்தான். டீச்சரின் சம்பளம் பெரும்பாலும் பெற்றோரின் மாதக் கட்டணத்தில் தங்கியிருக்கிறது. சாய்ந்தமருதில் மாரிக்கடல் கொந்தளித்துத் தோணிகள் கரையில் கிடக்கும் மாதங்களில் கட்டணம் நிற்கும். கூடவே பிள்ளையும் நின்றுவிடும். திரும்பி வரும்போது விரல் பழையபடி பொத்தப் பார்க்கும். தறிக்கும் வயலுக்கும் போகும் உம்மாமாருக்கு, மதியத்தோடு வகுப்பு முடிவது வேறொரு கஷ்டம்.

கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் இந்த வயது ஒரு தடவைதான் வருகிறது. தரம் 1க்குக் கொடுப்பதுபோல முன்பள்ளிக்கும் அரசே டீச்சரையும் சம்பளத்தையும் கொடுக்க வேண்டும். பின்னேரம்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இடமும் வேண்டும். தொழிலைப் பொறுமையாகப் பழகுங்கள். இதையும் விடாமல் கேளுங்கள்.